டாமினோ டாம்சல் மத்த மீனை விரட்டுது, வழி சொல்லுங்க

வேலூர் சத்துவாச்சாரியில வீட்ல 200 லிட்டர் உப்புத்தண்ணி தொட்டி வச்சிருக்கேன். முதல்ல விட்டது ஒரு டாமினோ டாம்சல். அப்ப நகம் அளவு, கறுப்பு உடம்புல மூணு வெள்ளைப் புள்ளி. இப்ப நல்லா வளர்ந்து, புள்ளி மங்கி, மொத்தத் தொட்டியும் தன்னோடதுன்னு நிக்குது. 14 செ.மீ. வரை வளருமாமே!

போன வாரம் விட்ட ரெண்டு கோமாளி மீன்ல ஒண்ணோட வால் நார்நாராக் கிழிஞ்சு, பம்புக்குப் பின்னாடி ஒடுங்கிக் கிடக்கு. பார்க்க மனசு தாங்கல. கல்லையெல்லாம் இடம் மாத்தி வச்சேன். ரெண்டே நாள்தான் அடங்குச்சு.

இப்போதைக்கு டாம்சலைத் துளை போட்ட டப்பாவுல அடைச்சு தொட்டிக்குள்ளயே தொங்க விட்டிருக்கேன். எத்தனை நாள் வைக்கலாம்? வெளிய விட்டா திரும்ப அடிக்குமா? காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பெரிய தொட்டி உள்ளவங்க யாராவது எடுத்துக்குவீங்களா? இந்த வெயில்ல சென்னை வரைக்கும் பையில கொண்டுபோக பயமா இருக்கு.