கடல் சூடேறும்போது கூண்டு டிரவுட்: கருங்கடலில் நான் பார்த்தது

துருக்கியில் டிராப்ஸோன் பக்கம் ஒரு கடல் பண்ணையில் வேலை பார்த்தேன். வளர்ப்பது வானவில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன். அணை நீர்த்தேக்கங்களில் வளர்ந்த மீனை, கோடை முடிந்து கடல் குளிர்ந்ததும் லாரியில் கொண்டுவந்து கடலில் மிதக்கும் வலைக்கூண்டில் விடுவார்கள். கருங்கடலில் உப்பு குறைவு, லிட்டருக்குச் சுமார் 18 கிராம்தான். அதனால் மீன் சீக்கிரம் பழகிவிடும். குளிர்காலம் முழுக்கத் தின்று 2, 3 கிலோ வரை ஏறும். 'துருக்கி சால்மன்' என்று ஏற்றுமதியாவது இந்த மீன்தான்.

ஜூன் வாக்கில் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும். கோடையில் மேல்தண்ணீர் 25 டிகிரியைத் தொட்டுவிடும். டிரவுட்டுக்கு ஏற்றது 12 முதல் 16 வரை. 20 தாண்டினால் தீவனம் எடுக்காது, 25 பக்கம் போனால் பிழைப்பதே கஷ்டம்.

ஒரு வருஷம் மே மாதத்திலேயே வெயில் முந்திக்கொண்டது. காலையில் தீவனம் வீசினால் ஒரு மீன்கூட மேலே வரவில்லை. கேமராவை இறக்கினோம். மொத்தக் கூட்டமும் குளிர்ந்த தண்ணீர் தேடி வலையின் அடியில் நெருக்கியடித்துக் கிடந்தது. உடம்பு கறுத்து, வாய் திறந்தபடி, செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மூச்சுத் திணறல்தான் அது. கருங்கடல் தண்ணீரில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 8தான். சூடு ஏற ஏற மீனின் உடம்போ இன்னும் அதிகம் கேட்கும். வரவு சுருங்கும் மாதத்தில் செலவு கூடுகிற குடும்பத்தின் நிலைமைதான்.

மேலாளர் உடனே தீவனத்தை நிறுத்தினார். செரிப்பதற்கே நிறைய ஆக்சிஜன் போய்விடும், அந்த நேரத்தில் வயிறு காலியாக இருப்பதுதான் மீனுக்கு நல்லது. வலைக்கண்களை அடைத்திருந்த பாசியைச் சுத்தம் செய்து நீரோட்டத்துக்கு வழிவிட்டோம். எடை சேரும் முன்பே அறுவடையைத் தொடங்கினார்கள். நஷ்டம்தான், ஆனாலும் அந்த முடிவை இன்றும் மதிக்கிறேன்.

பதில்:
நான் பின்லாந்தின் தென்மேற்குத் தீவுக்கூட்டத்தில் ஒரு டிரவுட் பண்ணையில் இருந்தேன். அங்கே கோடைதான் மீன் வளரும் காலம், இடம் மாற்ற முடியாது. 2018 ஜூலையில் கடல் 20 டிகிரிக்கு மேல் போனபோது தீவனத்தைக் குறைத்துவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்றின் திசை மாறினால் சில சமயம் குளிர்ந்த அடித்தண்ணீர் மேலே வரும். மீன் மறுபடியும் தின்ன ஆரம்பிக்கும்.

பதில்:
மீன் நோய்ப் பரிசோதனையில் இருப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். வெப்பத்தால் தளர்ந்த மீனை லாக்டோகாக்கஸ் கார்வியே என்ற பாக்டீரியா எளிதில் பிடிக்கும். தண்ணீர் 18 டிகிரி தாண்டினால் கண்களைப் பாருங்கள். பிதுங்கி, ரத்தம் கட்டியிருந்தால் அன்றே மாதிரி அனுப்புங்கள். தடுப்பூசி உண்டு, பாதுகாப்பு சில மாதங்கள்தான். எனவே வெயிலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.