முழு டேங்க் நிரப்பியும் 130 கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறதே?

வணக்கம். கார் விஷயம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் உதவுங்கள்.

போன மாதம் பெட்ரோல் முழுதாக நிரப்பியதும் 610 கிலோமீட்டர் ஓடும் என்று மீட்டர் காட்டியது. நேற்று அதே நிலையம், அதே 95 ரகப் பெட்ரோல், பம்ப் தானாக நிற்கும்வரை அடித்தேன். 480தான் காட்டுகிறது! வண்டியிலேயே உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்மையில் ஓடிய ஓட்டத்தின் சராசரி பெட்ரோல் செலவை வைத்துத்தான் கணக்குப் போடும் என்பது தெரியும். போன மாதம் நிரப்பியது மலாக்கா போய் வந்த கையோடு. நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம். இந்த இரண்டு வாரமும் இங்கே சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து ஜூரோங்குக்கு வேலை. பிஐஇ விரைவுச்சாலையில் மழை, நெரிசல், ஏர்கான் முழு வேகத்தில்.

சரி, இதனால் மட்டுமே 130 குறையுமா? டயர் காற்றைப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் பார்க்க வேண்டுமா? அந்தச் சராசரியை ரீசெட் செய்தால் சரியாகக் காட்டுமா?

பள்ளி விடுமுறையில் அம்மா அப்பாவை மலேசியாவின் கேமரன் மலைக்கு அழைத்துப் போகிறேன். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதி; அதற்குப் பெட்ரோல் முள் போதுமான அளவு காட்டுவதால் அந்தக் கவலையில்லை. மலைப்பாதையில் வயதானவர்களோடு நின்றுவிடக் கூடாது, அதுதான் பயம்.