நல்ல காலத்துலயும் கஷ்ட காலத்துலயும் மணி வேலை – உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஆரி (கொக்கி ஊசியால துணியில தைக்கிற எம்பிராய்டரி), மணி வேலை செய்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. எப்பப் பார்த்தாலும் டிசைன், ரேட்டு, மெட்டீரியல் எங்க நல்லா கிடைக்கும்னுதான் பேசிக்கிறோம், இந்த ஊசியும் மணியும் நம்ம வீட்டு நல்லது கெட்டதுல எப்படிக் கூட இருந்துச்சுன்னு யாரும் எழுதி நான் பார்க்கல. அதான் நான் ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் மதுரை. மணி தைக்கக் கத்துக்கிட்டது எங்க பெரியம்மாகிட்ட. காரைக்குடி பக்கம் அவங்க வீடு, முகப்புல ஒரு ஜோடிக் கிளி, முழுக்க பாசிமணியில தைச்சது, ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. அதுல பச்சை மட்டுமே அத்தனை விதமா இருக்கும். லீவுக்குப் போறப்ப எல்லாம் ஒரு பழைய துணியைக் குடுத்து ரெண்டு ரெண்டு மணியா கோர்த்துத் தைக்கச் சொல்வாங்க, ரெண்டு மணி வச்சதும் ஊசியைப் பின்னாடி கொண்டுவந்து ரெண்டாவது மணிக்குள்ள மறுபடி விட்டு எடுக்கணும், அப்பத்தான் வரிசை நெளியாதுன்னு சொல்வாங்க. இன்னிக்கு க்ளாஸ்ல பேக் ஸ்டிச்னு சொல்லிக்குடுக்கறது அதேதான்.

காலேஜ் முடிச்சதும் ஆரி க்ளாஸ் சேர்ந்தேன். ஃப்ரேம்ல துணி கட்டறதே ஒரு வித்தைங்க, விரலால தட்டினா டம்முனு சத்தம் வரணும், தொய்வா இருந்தா ஊசி கொக்கி துணியில மாட்டிக்கும். ட்ரேஸிங் பேப்பர்ல டிசைன் வரைஞ்சு, அந்தக் கோட்டு மேலயே ஊசியால ஓட்டை ஓட்டையா குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெய்ல குழைச்சு பஞ்சால தேய்ச்சா துணியில டிசைன் புள்ளி புள்ளியா விழும். அந்த வாசனை இப்பவும் எனக்குப் பிடிக்கும். நூல் துணிக்கு அடியில இடது கையில இருக்கும், வலது கை ஊசி மேல இருந்து இறங்கி அதைக் கொக்கி போட்டு மேல இழுக்கும். அடியில இருக்கிற கையைக் கண்ணால பார்க்க முடியாது, ரெண்டு கையும் ஒண்ணுக்கொண்ணு பேசிப் பழகினாத்தான் செயின் ஸ்டிச் சீரா வரும். அது பழகின பிறகுதான் சுகர் பீட்ஸ்ங்கிற பொடி மணி, கட் பீட்ஸ், பைப் பீட்ஸ், பளபளக்கிற சமிக்கி வில்லை, ஜர்தோசிங்கிற சுருள் உலோகக் கம்பி எல்லாம். இந்த ஊசி இங்க இருந்துதான் 18ம் நூற்றாண்டுல பிரான்சுக்குப் போச்சு, லூனெவில்ங்கிற ஊர்ல அவங்க துணியைக் குப்புறப் போட்டு, மணியை முன்னாடியே நூல்ல கோர்த்து வச்சுக்கிட்டு அடிப்பக்கமா தைக்கற முறையைக் கொண்டுவந்தாங்க. பாரிஸ்ல இருக்கிற பெரிய பெரிய ஃபேஷன் நிறுவனங்களுக்கு இன்னிக்கும் அப்படித்தான் தைக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

கல்யாணம் ஆகி திண்டுக்கல் வந்தேன். சின்ன வாடகை வீடு, பெரிய ஃப்ரேமை விரிச்சா ஆள் நடக்க வழி இருக்காது. அடுத்து பாப்பா பிறந்தா. தவழ்ற குழந்தை இருக்கிற வீட்டுல சுகர் பீட்ஸ் டப்பாவைத் திறக்கவே முடியாது, ஒரு மணி கீழ விழுந்தாலும் நேரா வாய்க்குத்தான் போகும். அதனால அந்தக் காலம் முழுக்க மணியே இல்ல, கையடக்கமா ஒரு வளைய ஃப்ரேம்ல வெறும் நூல் வேலை மட்டும், அதுவும் அவ தூங்குனப்புறம். நிறைய பேர் குழந்தை பிறந்ததும் விட்டுட்டேன்னு வருத்தமா சொல்றாங்க. விட்டுடாதீங்க, சின்னதா ஆக்கிக்கங்க, கைக்கு மறக்காம இருந்தாப் போதும்.

2020 லாக்டவுன்ல வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. முதல்ல ஆர்டரே இல்ல, கல்யாணமே எல்லாம் தள்ளிப்போச்சே. கொஞ்சம் திறந்து விட்டதும் தள்ளிப்போன முகூர்த்தம் எல்லாம் ஒண்ணா வந்துச்சு, ப்ரைடல் ப்ளவுஸ் ஒண்ணு மேல ஒண்ணு. வாடகை, பால், பாப்பா ஃபீஸ் எல்லாத்தையும் அந்த ஃப்ரேம்தான் பார்த்துக்கிச்சு, அதை நான் எந்த நாளும் மறக்க மாட்டேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கழுத்து வலியோட யாரோ ஒருத்தரோட மயில் கழுத்தை நிரப்பிட்டு இருக்கிறப்ப, சின்ன வயசுல இருந்த ஆசை கையில இல்லைங்கறது தெரிஞ்சுச்சு. கஸ்டமர் அனுப்புற ஃபோட்டோ என்னவோ அதுதான், கலர் மாத்தக்கூடாது, இலை பெருசாக்கக்கூடாது. அதனால அப்பவே ஒண்ணு முடிவு பண்ணேன், எத்தனை ஆர்டர் இருந்தாலும் ஒரு சின்னத் துணி எனக்குன்னு தனியா இருக்கும், அது விக்கறதுக்கு இல்ல, அதுக்கு டெலிவரி தேதியும் இல்ல. ஒரு நாளைக்கு நாலு மணி வச்சாலும் சரி. இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான் எழுதறேன். ஆர்டர் எடுக்கிற எல்லாரும் தயவுசெஞ்சு அப்படி ஒரு துணி வச்சுக்கங்க.

அந்தத் துணிதான் எங்க அப்பா பக்கவாதத்துல படுத்தப்ப என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. ஐசியு வெளியில உக்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியும், உள்ள கூப்பிடுற வரைக்கும் செய்ய ஒண்ணுமே இருக்காது, ஃபோனைப் பார்க்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. நான் ஒரு மூடியில கொஞ்சம் மணியைக் கொட்டி வச்சுக்கிட்டு தைப்பேன். பக்கத்துல ஒரு அம்மா, மகனுக்கு ஆக்சிடென்ட்டு, ரெண்டு நாளா யாரோடயும் பேசாம உக்கார்ந்திருந்தாங்க. திடீர்னு கையை நீட்டி, அந்த மஞ்ச மணியை நான் எடுத்துக் குடுக்கட்டுமான்னு கேட்டாங்க. அப்புறம் ஊசி நுனியில ஒவ்வொண்ணா அவங்களே எடுத்து எனக்கு நீட்ட ஆரம்பிச்சாங்க. மகன் பேரு, அவன் படிப்பு, அவனுக்குப் பொண்ணு பார்த்தது, எல்லாக் கதையும் அந்த மணி எடுத்துக் குடுத்துக்கிட்டேதான் சொன்னாங்க. அவன் பிழைச்சு வார்டுக்கு மாறிட்டான். எங்க அப்பா போயிட்டாரு.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஆர்டர் மட்டும் முடிச்சுக் குடுத்தேன், என் துணியைத் தொடவே இல்ல. திரும்ப எடுக்க வச்சது ஒரு பாண்டிச்சேரி பயணம். சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனப்ப மியூசியத்துல, பக்கத்துல இருக்கிற அரிக்கமேடுங்கிற பழைய துறைமுக ஊர்ல கிடைச்ச மணிகளைப் பார்த்தேன். சின்னச் சின்னக் கண்ணாடி மணி, சிவப்பு, நீலம், கறுப்பு, அப்படியே நம்ம சுகர் பீட்ஸ்தாங்க. 1945ல வீலர்ங்கிற தொல்லியல் அறிஞர் அங்க தோண்டினப்பவே ரோமாபுரியோட வியாபாரம் நடந்த ஊருன்னு உறுதியாச்சு, அங்கயே கண்ணாடி மணி செஞ்சும் இருக்காங்க. உருக்கின கண்ணாடியை நடுவுல ஓட்டை இருக்கிற மாதிரி நீளமா குழாயா இழுத்து, அதைத் துண்டு துண்டா நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குறது. திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில அதே முறையை நம்ம காலம் வரைக்கும் செஞ்சிருக்காங்க. இப்ப நம்ம வாங்குற ஜப்பான் மணியும் மெஷின்ல இழுத்து நறுக்குற குழாய்தான். ரெண்டாயிரம் வருசமா யாரோ ஒருத்தர் இதை நூல்ல கோர்த்துக்கிட்டேதான் இருந்திருக்காங்கன்னு நினைச்சப்ப அங்கயே அழுதுட்டேன். ஊருக்கு வந்த அன்னிக்கே டப்பாவைத் திறந்தேன்.

நீங்களும் எழுதுங்க.

*

அக்கா, படிச்சுட்டு சும்மா போக முடியல. நான் ஆம்பளை, ஈரோடு, டெக்ஸ்டைல் மார்க்கெட்ல வேலை. பைக் ஆக்சிடென்ட்ல கால்ல ராடு வச்சு கட்டில்லயே கிடந்தேன். வீட்டுல மனைவி ஆரி செய்வாங்க. கட்டில் பக்கத்துலயே ஸ்டாண்டைப் போட்டு, சும்மா படுத்து விட்டத்தைப் பார்க்கறதுக்குப் பதிலா இந்த பார்டருக்கு சமிக்கி வச்சுக் குடுங்கன்னு சொன்னாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான். சொந்தக்காரங்க பார்க்க வர்றப்ப அவங்க முன்னாடியே தைப்பேன், ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. லக்னோ, பரேலி பக்கம் ஜர்தோசி கார்கானாவுல, அதாவது பட்டறையில, தலைமுறை தலைமுறையா ஆம்பளைங்கதான் பெரிய ஃப்ரேம் முன்னாடி உக்கார்ந்து செஞ்சிருக்காங்க, சென்னையில பெரிய டிசைனர்களுக்கு வேலை செய்ற கார்கானாவுலயும் வடநாட்டுத் தம்பிங்கதான் ரொம்பப் பேர். இதுல ஆம்பளை வேலை பொம்பளை வேலைன்னு ஒண்ணும் இல்ல. எனக்கு வாட்டர் ஃபில்லிங்ங்கிற நிரப்புற தையல்தான் ரொம்பப் பிடிக்கும், கண்ணு முன்னாடியே ஒரு இதழ் நிரம்புறதைப் பார்த்துட்டு இருந்தா கால் வலி அந்த நேரத்துக்குத் தெரியாது. இப்ப நல்லா நடக்கறேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல ஆளுக்கு ஒரு பக்கம் உக்கார்ந்து தைக்கறோம். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு போயிருந்த காலமும் இருந்துச்சு. அதுக்கு மேல எழுத வேண்டாம், புரிஞ்சிருக்கும்.

*

வணக்கம், நான் பினாங்கு. இங்க இருக்கிற மணி வேலை வேற மாதிரி, அதைப் பத்திச் சொல்லலாம்னு வந்தேன். நியோன்யா பெண்கள், அதாவது பல தலைமுறைக்கு முன்னாடி இங்க குடியேறி மலாய்ப் பழக்கமும் கலந்த சீனக் குடும்பத்துப் பெண்கள், போடுற காசுட் மானேக், அதாவது மணிச் செருப்பு, கேள்விப்பட்டிருப்பீங்க. செருப்போட மேல் பாகம் முழுக்க துளி இடைவெளி இல்லாம குட்டி மணியால தைச்சு மூடியிருக்கும். பிடாங்கான்னு ஒரு மரச் சட்டம் இருக்கு, அதுல துணியைக் கட்டி, கட்டம் கட்டமா டிசைன் பார்த்து ஒவ்வொரு மணியா தைக்கணும். ஒரு பக்கம் பட்டை வெட்டின மணி, மானேக் போத்தோங், அதுதான் வெளிச்சத்துல மின்னும். ஒரு ஜோடி முடிக்க மாசக்கணக்காகும். மலாக்காவுல காஜா பேராங்ல இருக்கிற நம்ம மலாக்கா செட்டி மக்கள், அவங்க மூதாதையர் தமிழ் வியாபாரிங்கதான், அந்த வீட்டுப் பெண்களும் கெபாயாங்கிற மேல்சட்டையோட இந்தச் செருப்பு போடுவாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கே ஆசை வந்தது.

எனக்கு விவாகரத்து ஆன சமயம். பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, ஷிப்ட் முடிஞ்சு வந்தா வீடு காலியா இருக்கும். அடுத்த வீட்டு நியோன்யா பாட்டி கதவைத் தட்டி, எனக்கு இப்ப ஊசியில நூல் கோர்க்கக் கண்ணு தெரியல, வந்து கோர்த்துக் குடுன்னாங்க. தினமும் கூப்பிடுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அவங்க மகள் வாரா வாரம் வந்து ஒரு பின் குஷன் நிறைய ஊசியில நூல் கோர்த்து வச்சுட்டுத்தான் போவாங்களாம். என்னைக் கூப்பிட்டது எனக்காக. அவங்ககிட்டதான் ரோஜாப்பூ டிசைன் கத்துக்கிட்டேன், பழைய செருப்புகள்ல ரோஜா நிறைய இருக்கும். அவங்க இப்ப இல்ல. அவங்க பிடாங்கானை மகள் எனக்கே குடுத்துட்டாங்க, என் முதல் ஜோடியை அந்த மகளுக்குத்தான் தைச்சுக் குடுத்தேன், அவங்க அளவு பார்க்கறதுக்கு மட்டும் போட்டுட்டு அலமாரியில வச்சுட்டாங்க, நடக்க மனசு வரலையாம்.

*

எல்லாத்தையும் படிச்சேன், மனசு நிறைஞ்சு இருக்கு. எனக்கு அம்பத்திரண்டு வயசு, மெனோபாஸ், தூக்கமே இல்ல, பிள்ளைங்க வெளியூர். இனிமே ஆரம்பிக்கலாமா? கண்ணு தாங்குமா? எதை வாங்கறதுன்னே தெரியல. முதல்ல பதிவு போட்டவங்க சொல்லுங்களேன்மா.

*

தாராளமா ஆரம்பிங்கம்மா. பினாங்கு அக்கா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன், ஈரோடு அண்ணா உங்க வீட்டம்மாவை நான் கேட்டதா சொல்லுங்க.

அம்மா, முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டி கிட்டத்துல பார்க்கறதுக்கு சரியான பவர் போட்டுக்கங்க, ஃப்ரேம் எவ்ளோ தூரத்துல இருக்கும்னு கையால அளந்து காட்டிச் சொல்லுங்க, ஏன்னா புத்தகம் படிக்கிற தூரமும் தைக்கிற தூரமும் ஒண்ணு கிடையாது. லைட் உங்க எழுதுற கைக்கு எதிர்ப்பக்கம் இருந்து வரணும், அப்பத்தான் கை நிழல் துணியில விழாது. ராத்திரி கறுப்புத் துணியில தைக்கவே தைக்காதீங்க. ஆரி ஊசி இப்போதைக்கு வேண்டாம், சாதா வளைய ஃப்ரேம், வெளிர் கலர் காட்டன் துணி, பீடிங் ஊசி 10ம் நம்பர், நைலான் நூல், இது போதும். ஊசிக்கு நம்பர் கூடக் கூட மெலிசாகும், மணிக்கும் அதே மாதிரி நம்பர் கூடினா சின்னதாகும். 11ம் நம்பர் மணி கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர், 15ம் நம்பர் அதைவிடப் பொடி, அதை இப்ப வாங்காதீங்க. லூஸ்ல கிடைக்கிற மணி ஒண்ணு குண்டு ஒண்ணு ஒல்லின்னு கலந்து இருக்கும், வரிசை கோணும். கொஞ்சம் காசு கூடப் போட முடிஞ்சா மியூக்கி இல்லைன்னா டோஹோ கம்பெனி மணி வாங்குங்க, ரெண்டும் ஹிரோஷிமா பக்கம் செய்ற மணி, ஒரே அளவா இருக்கும். செக் மணியும் நல்லா இருக்கும், கொஞ்சம் உருண்டையா இருக்கும். மதுரைக்கு வந்தீங்கன்னா விளக்குத்தூண் பக்கம், சென்னைன்னா பாரிஸ் கார்னர்ல தேவராஜ முதலி தெரு சுத்திப் பாருங்க, கையில எடுத்துப் பார்த்து வாங்கலாம். வாங்கினதும் ஒரு சின்னத் துணியில நாலு மணி தைச்சு சோப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சுப் பாருங்க, சில மணியில உள்ள பூசின சாயம் போயிடும், அதைத் துணியில தைச்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. தைச்சு முடிச்சதை மணி மேல நேரா அயர்ன் பண்ணாதீங்க, கெட்டியான துண்டு மேல குப்புறப் போட்டு பின்பக்கம் மட்டும் லேசா.

தூக்கம் வராத ராத்திரிக்கு நிறைய கலர் வேண்டாம்மா, ஒரே கலர் மணியில ஒரு இலையை நிரப்புங்க. வேப்பிலை நல்லா வரும், ஓரத்துல பல்லு பல்லா இருக்கிறதால மணி வரிசைக்கு சரியா உக்காரும். நான் வரைஞ்சு வச்சிருக்கேன், சாயங்காலம் ஃபோட்டோ எடுத்துப் போடறேன். பினாங்கு அக்கா, அந்த ரோஜா கட்ட டிசைன் கிடைச்சா நீங்களும் போடுங்க, எத்தனை கட்டம் அகலம்னு சேர்த்து எழுதுங்க, இங்க ப்ளவுஸ் கைக்கு எடுத்துக்கலாம்னு பார்க்கறேன்.