231-ஆ 277-ஆ? ரெண்டடி மீன் தொட்டிக்கு எத்தனை கேலன்

கப்பி காதலன்: பக்கத்து இழைல ஒருத்தர், "நீளம், அகலம், உயரம் இன்ச்ல பெருக்கி 231-ஆல வகுத்தா கேலன், அவ்ளோதான்"னு அடிச்சு விட்டிருக்கார். எரிச்சலா வருது. 24×12×12 தொட்டி, 3456 கன அங்குலம். அவர் கணக்குல 14.96 கேலன். நம்ம ஊருக்கு வந்தது பிரிட்டிஷ் கேலன் சார், 277.42. வகுத்தா 12.46. மிச்ச ரெண்டரை கேலனை எந்தக் குழாய்ல பிடிச்சார்?

உருளை வாத்தியார்: அடிச்சு விட்டது அடியேன்தான். 231 நான் சமைச்சதில்ல. ஆன் ராணி காலத்து இங்கிலாந்து ஒயின் கேலன், 1707. 7 இன்ச் விட்டம், 6 இன்ச் ஆழம், உருளை. 22/7 × 3.5 × 3.5 × 6 போடுங்க. 231. பிரிட்டிஷ்காரன் 1824-ல மாத்திக்கிட்டான், அமெரிக்காக்காரன் மாத்தல.

நியான் டெட்ரா: 22/7 எட்டாம் கிளாஸ் பை. ஒழுங்கான பை போட்டா 230.907. உங்க உருளைல 231 கொள்ளாது.

உருளை வாத்தியார்: சட்டத்துல 231னே எழுதியிருக்கு.

நியான் டெட்ரா: உருளையும் அதே சட்டத்துலதான். 230.907.

உருளை வாத்தியார்: வித்தியாசம் ஒன்றரை மில்லி. அதுல மூழ்கிச் சாகப்போற மீன் எது தம்பி? ஹீட்டர் இழைலயும் இப்படித்தான் புள்ளிக்கு அப்புறம் மூணு எண் போட்டு மூணு பக்கம் ஓட்டினீங்க.

நியான் டெட்ரா: அதுல நான் சொன்னதுதான் சரி. அதான் வாத்தியார் பாதியில காணாமப் போனார்.

சும்மா வந்தவன்: கண்ணாடி 5 மி.மீ. இல்லையா? நீங்க எடுத்தது வெளியளவு. உள்ளளவு 53 லிட்டர்தான் வரும், மணல் போட்டா இன்னும் குறையும். லிட்டர்லயே பேசலாமே?

கப்பி காதலன்: மருந்து பாட்டில்ல "10 கேலனுக்கு 5 மில்லி"ன்னு இருக்கு. உங்க 231-ஐ நம்பினா ஏழரை மில்லி ஊத்தணும். ஏழரைதான் பிடிக்கும்!

சும்மா வந்தவன்: பாட்டில் எந்த நாட்டுது அண்ணா?

கப்பி காதலன்: நாடு எதுவா இருந்தா என்ன, தொட்டி என் வீட்ல இருக்கு. 277.

உருளை வாத்தியார்: அமெரிக்க பாட்டிலுக்கு பிரிட்டிஷ் கேலனா? பிரமாதம். போன தீபாவளிக்கு கொளத்தூர்ல ஜோடி கப்பி வாங்கித் தரேன்னு 300 ரூபா வாங்கினீங்களே, அது எந்த நாட்டுக் கணக்கு?

கப்பி காதலன்: மீன் கொடுத்தேன். நீங்க கொன்னீங்க. 231-ல மருந்து ஊத்தியிருப்பீங்க.

உருளை வாத்தியார்: கொடுத்தது ரெண்டும் ஆண். ஜோடியாம்! மறுபடி சொல்றேன், ஏழு இன்ச் விட்டம், ஆறு இன்ச் ஆழம். தகரக்கடையில ஒரு டப்பா செய்யச் சொல்லி தண்ணி ஊத்தி அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

நியான் டெட்ரா: அளந்தா 230.907 வரும்.