மேன்ஹோல் வளையத்தில் இடித்து ஆயில் சம்ப் போச்சு: நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

கழனிவாசல்காரன்:
காரைக்குடியில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய தெரு. மேன்ஹோலைச் சுற்றி மண் இறங்கி, இரும்பு வளையம் மேலே துருத்தி நிற்கிறது. மழைத்தண்ணி தேங்கியதால் வெளியே தெரியவில்லை. தடுப்போ சிவப்புத் துணியோ கிடையாது. முன்பக்க இடது டயர் வெடித்து, ரிம் நெளிந்து, சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விரிசல் விட்டு ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. 1197 சிசி பெட்ரோல் கார், ஆறு வயது முடிந்தது. ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு, பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லை, என்.சி.பி. (கிளெய்ம் போடாத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) 35%. இன்சூரன்ஸில் போவதா, வேலை எடுத்த ஒப்பந்ததாரரிடம் கேட்பதா? வண்டி இன்னும் தெருவிலேயேதான் நிற்கிறது.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப்:
அண்ணே, முதல் வேலை, சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் இல்லாமல் இன்ஜின் ஓடினால் கிராங்க் பேரிங் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவை, இடித்ததால் வந்ததல்ல, ஓட்டியதால் வந்தது என்று சர்வேயர் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) தள்ளிவிடுவார். இன்ஜின் புரொடெக்‌ஷன் தனியாக எடுத்திருந்தால்தான் அதற்கு வழி. உருட்டியும் போக வேண்டாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்கு முன் படம் எடுங்கள். தெருப் பெயர் தெரிய தூரத்தில் ஒன்று, வளையத்தின் பக்கத்தில் டேப் வைத்து உயரம் தெரிய ஒன்று, தார் மேல் கொட்டிய ஆயில் தடம் வண்டி வரைக்கும் வருகிற மாதிரி ஒன்று. தடுப்பு இல்லை என்பது தெரிய நாலு பக்கமும் வீடியோ ஓட்டிவிடுங்கள். புகார் போன மறுநாளே ஜல்லி கொட்டி மூடிவிடுவார்கள், அப்புறம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

சர்வேயர் பார்க்கும் முன்னே சம்பைக் கழற்ற விடாதீர்கள். அடியில் இரும்பு உரசிய கோடுதான் உங்கள் சாட்சி. லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ரேக் எண்ட், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் முதல் சர்வேயிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

பாலிசி முகவர்:
பள்ளத்தில், வளையத்தில் இடிப்பதும் விபத்துதான், ஓன் டேமேஜில் (பாலிசியில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி) வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரூபாயும் வராது. டயர் மட்டும் வெடித்திருந்தாலும் வராது. உங்களுக்கு வண்டியும் சேர்ந்து அடிபட்டதால் டயருக்குப் பாதி கிடைக்கும்.

ஒரு பேச்சுக்கு பில் 22,000 என்று வையுங்கள். இரும்புப் பாகம் 12,000, டயரும் ரப்பரும் 6,000, கூலி 4,000. ஐந்து வயது தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் என்று உலோகத்தில் 40% கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக்கில் 50%. கூலியில் கழிவு இல்லை. ஆக 7,200 + 3,000 + 4,000 = 14,200. அதில் கட்டாயப் பிடித்தம் 1,000 (1500 சிசிக்கு மேல் 2,000). கைக்கு 13,200. புதிதாக ஊற்றும் ஆயிலுக்குத் தர மாட்டார்கள்.

என்.சி.பி.யைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கிளெய்ம் போட்டால் 35% பூஜ்யமாகும். போடாவிட்டால் அடுத்த வருஷம் 45%, பிறகு 50%. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று திரும்ப ஏற வேண்டும். ஐந்து வருஷ வித்தியாசத்தைக் கூட்டினால், ஓன் டேமேஜ் பிரீமியத்தின் 120% கையை விட்டுப் போகிறது. பிரீமியம் 6,000 என்றால் 7,200. ஆக உண்மையான லாபம் 6,000தான். பில் 12,000க்குள் முடிந்தால் கிளெய்ம் போடாதீர்கள்.

கழனிவாசல்காரன்:
நன்றி அண்ணே. மீதியை ஒப்பந்ததாரரிடம் வாங்க முடியுமா? சாலைச் சட்டத்தில் ஒரு லட்சம் அபராதம் என்கிறார்களே?

சிவகங்கை வக்கீல்:
மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்த 198ஏ பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. மரணமோ ஊனமோ நேர்ந்தால்தான் பொருந்தும், வண்டிச் சேதத்துக்கு இல்லை. இன்னொரு வாகனம் சம்பந்தப்படாததால் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. உங்கள் வழி, கவனக்குறைவுக்கான சிவில் நஷ்டஈடு.

முதலில் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள். இடமும் நேரமும் அதில் இருக்கட்டும். அடுத்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. தெரு யார் பராமரிப்பில் இருக்கிறது, பணி ஆணை நகல், ஒப்பந்ததாரர் முகவரி, பணி இடத்தில் தடுப்பு, எச்சரிக்கைப் பலகை வைக்கும் பொறுப்பு பற்றிய நிபந்தனை, மூன்றாம் நபர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தக் காப்பீடு இருந்தால் பேச்சுவார்த்தையிலேயே முடிய வாய்ப்பு அதிகம்.

பிறகு மாநகராட்சி ஆணையருக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையோடு நோட்டீஸ். இன்சூரன்ஸ் கொடுத்த பணத்தை மறுபடி கேட்க முடியாது. கழிவில் போன 7,800, பிடித்தம் 1,000, ஆயில் செலவு, ரெக்கவரி வாடகையில் வராத பாக்கி, என்.சி.பி. இழப்பு, இவ்வளவுதான் பட்டியல். இன்சூரன்ஸ் கம்பெனி நீட்டும் உரிமை மாற்றுக் கடிதத்தில் (ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குத் தருவது), அவர்கள் தந்த தொகை அளவுக்கு மட்டும் என்று இருக்கிறதா பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இதே சேதம் மாநில நெடுஞ்சாலையில் என்றால், வழக்குக்கு முன் கலெக்டருக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்பி 2 மாதம் காத்திருக்க வேண்டும். டோல் கட்டும் சாலையில் கை ஓங்கியிருக்கும். காசு கொடுத்துப் போவதால் நீங்கள் நுகர்வோர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் போடலாம், கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. அங்கே ஃபாஸ்டேக் கணக்கு விவரமும், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்த புகாரின் எண்ணும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளூர்த் தெருவுக்கு வரி கட்டுகிறோம் என்பதை மட்டும் வைத்து அங்கே போனால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதம் வைக்கும். உங்கள் விஷயத்தில் முன்சீப் கோர்ட்தான் சரி. செலவைப் பார்த்தால், சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முன்னமே சமரசத்துக்கு ஒப்பந்ததாரரை வரவழைக்கப் பாருங்கள்.