புதுப்பிப்பு: மட்டக்களப்பிலிருந்து மலையகக் கோச்சி, பதுளை வழியாக

மலையகக் கோச்சியில் (ரயிலில்) பயணிக்க, கண்டிக்குப் போகாமல் பதுளையில் ஏறுங்கள் என்று முன்பு எழுதியதற்கு, “மட்டக்களப்பிலிருந்தே ரயிலில் போகலாம்தானே?” என்று பலர் கேட்டிருந்தார்கள். போகலாம், ஆனால் மாகோ, பொல்காவலை என்று நாட்டின் பாதியைச் சுற்ற வேண்டும். செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, பசறை வழியாக பஸ்ஸில் பதுளைக்குப் போவதே புத்தி. பசறைப் பக்கம் வளைவு அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

2025 நவம்பர் டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்த பிறகே பஸ் ஏறுங்கள். நமக்கு மாரி கொட்டும் மாதங்களில் அங்கேயும் மண்சரிவுதான்.

பதுளையில் ஏறுவதன் லாபம் தெமோதரையில் தெரியும். ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிறகு மலையை ஒரு வட்டம் சுற்றி ஏறி, அதே சுரங்கத்தின் மேலுள்ள மேடையில் வந்து நிற்கும். அடுத்து, எல்ல ஸ்டேஷன் வருமுன் ஒன்பது வளைவுப் பாலம். ஏற்றம் சில இடங்களில் 44 அடிக்கு 1 அடி. மழையில் தண்டவாளம் நனைந்தால் சக்கரம் வழுக்கும், தாமதமும் கூடும்.

முதலாம் வகுப்பு ஏசிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது. இரண்டாம், மூன்றாம் வகுப்பே நல்லது. இதல்கஸ்ஹின்னையில் இரு பக்கமும் பள்ளம் திறக்கும். 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலைக்குச் சுவெற்றர் கட்டாயம். வாசலில் தொங்க வேண்டாம். சுரங்கச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் போகும். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கி பஸ் எடுங்கள்.