சருகோட சருகாக் கிடக்கிற பக்கிக் குருவியப் படத்தில எப்பிடித் தெரிய வைக்கிறது?

வாவிக்கரை:
மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் ஒரு பத்தைக்காட்டு ஓரத்தில பக்கி ஒண்டு பகல் முழுக்க சருகுக்க படுத்துக் கிடக்கும், வழமையா ஒரே இடம்தான். நேர பார்க்கக்குள்ள தலை, செட்டை எல்லாம் நல்லா விளங்குது, படத்தப் பெருசாக்கிப் பார்த்தா வெறும் சருகுதான் கிடக்கு, ஆளையே காணல. பிளாஷ் அடிக்க மனமில்ல, ராவில இரை தேடுற கண் அது. நிக்கோன் கெமரா, 70-300 லென்ஸ், கையில பிடிச்சுத்தான் எடுக்கன். வெயில மட்டும் வச்சு அந்தக் குருவிய எப்பிடிப் பிரிச்சுக் காட்டலாம்? கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா பத்தையெல்லாம் ஆடுது, அதுக்கும் வழி இருந்தாச் சொல்லுங்க.

ஒலுவில் காக்கா:
தம்பி, நேர பார்க்கக்குள்ள ரெண்டு கண்ணும் சேர்ந்து எது முன்னுக்கு எது பின்னுக்கு எண்டு பிரிச்சுத் தருது, நீங்க தலைய லேசா அசைச்சாலே குருவி சருக விட்டு விலகித் தெரியும். லென்ஸுக்கு ஒத்தைக் கண், படமும் அசையாது. போன ஆழத்த வெளிச்சத்தாலதான் திருப்பிக் குடுக்கணும். வெள்ளாப்பில போங்க, ஆறரை ஏழுக்குள்ள, சூரியன் உங்கட முதுகுக்குப் பின்னால இல்லாம பக்கவாட்டில வாற மாதிரி இருங்க. குருவிட முதுகு உருண்டு தெரியும், மற்றப் பக்கம் நிழல் விழும், அந்த நிழல் ஓரம்தான் உருவத்தக் காட்டித் தரும். அந்த நேரம் காத்தும் பெருசா இல்ல. மறுகா, நிண்டுகொண்டு மேலால எடுக்காதீங்க, அப்பிடி எடுத்தா குருவியும் சருகும் ஒரே தளத்தில ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். நெஞ்சு நிலத்தில படப் படுத்து எடுத்தா பின்னால உள்ள சருகெல்லாம் தூரத்துக்குப் போய் மங்கிடும்.

மட்டுநகர் பூச்சி:
காக்கா சொன்னது சரி, அதுக்குக் காரணமும் இருக்கு. கன உயிரினங்களுக்கு முதுகு கருமை, வயிறு வெளிர். மேலால வெயில் விழக்குள்ள முதுகு வெளிறும், வயித்தில நிழல் விழும், உடம்பு நிறம் அதுக்கு நேர்மாறா இருக்கிறதால ரெண்டும் சரிக்குச் சரியாகி உருண்ட உடம்பு தட்டையாத் தெரியும். 1896ல இத எழுதினவர் ஆபட் தேயர் எண்ட அமெரிக்க ஓவியர். நிழல் தீட்டிப் பழகின கண்ணுக்கு இது பிடிபட்டிருக்கு, எனக்கு அது சரியான சந்தோசம். பக்கவெயில் இந்தக் கணக்கக் குழப்பிடும்.

ஆனா அண்ணா, பக்கிய முழுசாப் பிரிச்சுத்தான் ஆகணுமா? ஒளிஞ்சு கிடக்கிறதுதானே அதின்ட திறமை. மாரியில மழை விட்டு மூட்டமா இருக்கிற நாளில நிழலே விழாது, லென்ஸ் துவாரத்த எப்/8, எப்/11 எண்டு சின்னதா வச்சு கொஞ்சம் அகலமா எடுத்தா பார்க்கிறவர் தேடிக் கண்டுபிடிக்கிற படம் வரும், குருவிட கண் மட்டும் கூர்மையா இருந்தாக் காணும். என்ட விருப்பம் அந்த வகைப் படம்தான்.

பொத்துவில் பையன்:
என்னட்ட போன் மட்டும்தான், கடற்கரையில மணல் நிற நண்டு எடுக்கன். நம்மட கிழக்குக் கரையில சூரியன் கடலுக்கால வாறதால காலத்தால கடலப் பார்த்துக் குந்தினா நண்டிட நிழல் நம்மட பக்கம் நீளமா விழும், நண்டு தெரியாட்டியும் நிழல் தெரியும், அதப் பிடிச்சே நண்டக் கண்டுபிடிக்கலாம். திரையில நண்டுக்கு மேல விரல அழுத்திப் பிடிச்சு போகஸ பூட்டிட்டு வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டுவன், வெள்ளை மணலப் பார்த்தா போன் படத்த இருட்டாக்கிடும்.

கல்முனை லென்ஸ்:
வாவிக்கரை, ஓட்டோபோகஸ ஒத்தைப் புள்ளியில வச்சு கண்ணுக்கு நேர வைங்க, இல்லாட்டி முன்னால நிக்கிற புல்லத்தான் அது பிடிக்கும். இன்னொரு வழி, கெமராவ மோனோக்ரோம்ல வச்சிட்டு ரோ (RAW) பைலா எடுங்க, பைல்ல கலர் அப்பிடியே இருக்கும். திரையில கறுப்பு வெள்ளையிலயும் குருவி தெரிஞ்சா வெளிச்சம் சரி, தெரியாட்டி கொஞ்சம் கிறுகி வேற பக்கத்தால பாருங்க. துணிப்பையில நெல்லுப் போட்டுக் கட்டி நிலத்தில வச்சு அதுக்கு மேல லென்ஸ வைங்க, ட்ரைபொட்ட விட நல்லம். ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழ இறங்காதீங்க, ஐஎஸ்ஓ 800, 1600 எண்டு கூடினாலும் பரவாயில்ல.

வாவிக்கரை:
கனக்க நன்றி எல்லாருக்கும். எவ்வளவு கிட்டப் போகலாம் எண்டதையும் சொல்லுங்க, ஊர்ந்து போனா அது அசையாமத்தான் கிடக்குது.

மட்டுநகர் பூச்சி:
அசையாமக் கிடக்குது எண்டதுக்காக பயமில்ல எண்டு எடுக்காதீங்க. பக்கி கூடு கட்டாது, வெறும் நிலத்திலதான் முட்டை, அதுக்கு மேல கடைசி வரைக்கும் எழும்பாமப் படுத்திருக்கும். சாம்பியாவில செஞ்ச ஒரு ஆய்வு 2016ல வந்தது, பக்கியிட செட்டை நிறம் சூழலோட எவ்வளவு பொருந்துதோ அவ்வளவுக்கு முட்டை தப்புது எண்டு அதில காட்டியிருக்காங்க. நீங்க எழுப்பிவிட்டா அந்த மறைப்புப் போயிடும், முட்டைக்கு நேர வெயிலும் படும், காகமும் காணும். படுத்துக் கிடக்கக்குள்ள கண்ணச் சுருக்கி கீறலாத்தான் வச்சிருக்கும், அது நல்லாத் திறந்திட்டெண்டா அந்த இடத்தில நில்லுங்க, பிறகு மெல்லப் பின்னுக்கு வாங்க. 300ல தூரத்தில நிண்டு எடுத்து பிறகு வெட்டிக்கொள்ளலாம், 24 மெகாபிக்சல் படத்தில பாதிய வெட்டினாலும் ஏ4 அளவுக்கு அடிக்கக் காணும். படத்தப் போடக்குள்ள உன்னிச்சை எண்டதோட நிப்பாட்டுங்க, எந்தப் பத்தை, எந்த ஒழுங்கை எண்டு எழுதாதீங்க, போன்ல எடுக்கிற படமெண்டா லொகேஷன நிப்பாட்டிட்டு எடுங்க.